கெட்ட பால்

பருத்திப்பட்டு ஏரிக்குக் கீழே லோகநாதனுக்கும் அவன் தம்பி கோதண்டத்துக்கும் பொதுவாக ஒரு மல்லித் தோட்டம் இருந்தது. சித்திரை பிறந்துவிட்டால் அந்தத் தோட்டம் வீட்டில் ஒருவரையும் உட்காரவிடாது. வெயில் ஏறுவதற்குள் மொக்குப் பறித்தாக வேண்டும். வாய் திறந்த மொக்கைப் பூக்கடையில் எவனும் சீந்தமாட்டான். பறித்ததை ஈரத்துணி போட்டு மூடி, உஸ்மான் கனியின் ஜட்காவில் ஏற்றி, லோகநாதன் பூந்தமல்லிக்குக் கொண்டுபோவான். அங்கிருந்து அது பட்டணம் போகும்.

சண்டைக் காலம் அது. ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்கென்று கொட்டகை மேல் கொட்டகையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கோதண்டம் கல் சுமக்க அங்கே போய்விட்டான். அதனால் பறிப்பு முழுக்க வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் தலையில் விழுந்தது. மூத்தவன் பெண்சாதி நாகவல்லி, இளையவன் பெண்சாதி வடிவு. இரண்டு பேருக்கும் கைக்குழந்தை. தோட்டத்து ஓரத்துப் புங்கமரத்தில் இரண்டு ஏணைகளைக் கட்டிவிட்டு, சிணுங்கல் வருகிறதா என்று காதை அங்கே வைத்துக்கொண்டு, கையைச் செடியில் ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

நாகவல்லி இந்த வீட்டுக்கு வந்து எட்டு வருஷம் வயிறு திறக்கவில்லை. வேம்புலியம்மன் கோயிலைச் சுற்றிச் சுற்றி அவள் கால் தேய்ந்ததுதான் மிச்சம். ஒன்பதாம் வருஷம்தான் அம்மன் கண் திறந்தாள். அந்த சந்தோஷத்தை அவள் முழுசாக ஒரு மாசம்கூட அனுபவிக்கவில்லை. போன வருஷம் வந்த வடிவும் வாந்தியெடுத்தாள். ஒரே தை மாசத்தில் இரண்டு பேரும் பிள்ளை பெற்றார்கள். நாகவல்லிக்கு ஆண். அம்மன் பேரையே வேம்புலி என்று வைத்தாள். வடிவுக்குப் பெண், வசந்தா.

ஆண் பிள்ளை பெற்றவள் தான், அதுவும் மூத்தவள். வருகிறவர்கள் தன் பிள்ளையைத்தானே முதலில் தூக்க வேண்டும் என்று நாகவல்லி எதிர்பார்த்தாள். ஆனால் கீரைக்காரியிலிருந்து வண்ணாத்திவரை எல்லார் கையும் வசந்தாவின் ஏணைக்குத்தான் நீண்டது. அது கொழுக்மொழுக்கென்று இருந்தது. தொடையில் மடிப்பு மடிப்பாகச் சதை. யாரைப் பார்த்தாலும் பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. வேம்புலி நரம்பாக இருந்தான். எப்போதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, பால் போதாமல் அழுதுகொண்டு. ஒரு நாள் பூந்தமல்லியிலிருந்து திரும்பிய லோகநாதன் தலைத்துண்டை உதறிவிட்டு நேராகத் தம்பி மகளைத் தூக்கிக் கொஞ்சினான். தன் பிள்ளை பக்கத்து ஏணையில் முழித்துக்கொண்டு கிடந்ததை அவன் கவனிக்கவேயில்லை. அன்றைக்கு நாகவல்லி வைத்த கருவாட்டுக் குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது.

பால்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று அவள் முடிவுகட்டியிருந்தாள். அவளுக்குப் பால் குறைச்சல். வடிவுக்கோ தோட்டத்தின் அந்தக் கோடியில் குழந்தை முனகினாலே போதும், ரவிக்கை நனைந்துவிடும்.

"பாருங்கக்கா, இன்னா பண்றதுன்னே தெர்ல. செடி மேலல்லாம் சொட்டுது" என்று வடிவு சிரிப்பாள். அவள் வெள்ளந்தியாகச் சொல்கிறாளா, குத்திக் காட்டுகிறாளா என்று நாகவல்லி நாளெல்லாம் யோசிப்பாள்.

அப்புறம்தான் நாகவல்லி எருமைப் பாலில் இறங்கினாள். வீட்டு எருமை கன்று போட்டிருந்தது. கறந்த பாலைத் தண்ணீர் விளாவாமல் சுண்டக் காய்ச்சிப் பாலாடையில் ஊற்றிப் புகட்டினாள். கைக்குழந்தைகளுக்குப் பாதிக்குப் பாதி தண்ணீர் விட வேண்டும் என்று அவளுக்குத் தெரியாததல்ல. தண்ணீர் விட்டால் எப்படிச் சதை பிடிக்கும்? அது போதாதென்று கேழ்வரகை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து, அந்தப் பாலையும் கிண்டிக் கொடுத்தாள். வைகாசித் திருவிழாவுக்குள் வேம்புலி தொடையிலும் மடிப்பு விழ வேண்டும். அதுதான் அவள் கணக்கு.

மடிப்பு விழவில்லை. பிள்ளை முக்க ஆரம்பித்தான். முகம் செக்கச்செவேலென்று ஆகி, காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, வீறிட்டு அழுத பிறகு ஆட்டுப் புழுக்கைபோல இரண்டு மூன்று உருண்டை விழும். ஒரு தடவை அதில் நூலிழை மாதிரி ரத்தம் இருந்தது. நாகவல்லி அதை எருக்குழியில் தள்ளி மண்ணைக் காலால் மூடினாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வடிவு காதுக்குப் போகும்.

இந்த நேரத்தில்தான் ஒரு காலையில், செடிக்கு அந்தப் பக்கமிருந்து வடிவு கேட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா?"

"இன்னாடி?"

"பாப்பா வெளிக்கி போவலக்கா."

நாகவல்லியின் கை மொக்கில் நின்றது. "எத்தினி நாளா?"

"போன வெள்ளிக்கியமை போனா. அப்பால போவவேயில்ல. நாளிக்கி வந்தா வாரம் ஆவுது."

கத்திரி வெயிலில் யாரோ நெஞ்சில் ஈரத்துணியைப் போட்டமாதிரி நாகவல்லிக்கு இருந்தது. அப்படி இருந்ததற்கு அவள் வெட்கப்பட்டாள் என்றும் சொல்ல வேண்டும். ஆனால் குளிர்ச்சிதான் முதலில் வந்தது.

"வாரமா? இத்தினி நாளு வாயத் தொறக்காம இன்னாடி பண்ணிகினு இருந்த?"

"அதுபாட்டுக்கு வெளயாடிகினு கீது. பால் குடிக்குது. ஒண்ணுக்கு மட்டும் பத்து வாட்டி போவுது. அதான் சொல்லல. முன்னல்லாம் நாளிக்கி நாலு வாட்டி போவும். இப்ப திடீர்னு நின்னுபோச்சி."

"எங்க வேம்புலி தெனம் மூணு வாட்டி போறான். தங்கமா போறான்" என்றாள் நாகவல்லி.

அந்தப் பொய்யைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம்கூடத் தடுக்கவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் கிணற்றடி முழுக்க விஷயம் பரவிவிட்டது. பரப்பியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒருத்தி வெற்றிலைக் காம்பை எண்ணெயில் தோய்த்து வைக்கச் சொன்னாள். ஒருத்தி விளக்கெண்ணெயை ஒரு கரண்டி ஊற்றச் சொன்னாள். வடிவு எதற்கும் துணியவில்லை. பச்சைப் பிள்ளைக்கு எதையாவது செய்து எதாவது ஆகிவிட்டால்? குழந்தையை மடியில் போட்டு அதன் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வயிறு மெத்தென்றுதான் இருந்தது. ஆனால் பயம் வந்த பிறகு மெத்தென்று இருப்பதும் பயமாகத்தான் இருக்கிறது.

நாகவல்லி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையில் ஒரு பித்தளைக் கிண்ணம், அதில் தண்ணீர்.

"இதுல ரெண்டு சொட்டு பால வுடு, பாக்கலாம்."

"எதுக்குக்கா?"

"வுடேன்."

வடிவு திரும்பி உட்கார்ந்து பாலைப் பீய்ச்சினாள். வெள்ளையாக விழுந்து, புகைமாதிரி இழை இழையாகத் தண்ணீரில் இறங்கியது. எந்தத் தாயின் பாலை விட்டாலும் அப்படித்தான் இறங்கும். தன் பாலே அப்படித்தான் இறங்கும் என்பது நாகவல்லிக்குத் தெரியுமா என்றால், அவள் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. அவ்வளவுதான் சொல்லலாம்.

"பாத்தியா, நூலு நூலா எறங்குது" என்றாள். "பால் கெட்டுப்போச்சிடி. கெட்ட பாலு வவுத்துல போயி கட்டிகினு கீது. அதான் வெளிய வரல."

வடிவின் முகம் வெளிறிவிட்டது. "இன்னாக்கா பண்றது?"

"இந்தப் பால நிறுத்து. எரும பால் குடு. எம்புள்ள அதத்தான குடிக்கிறான்?"

"நிறுத்துன்னா எப்பிடிக்கா நிறுத்துறது? இப்பவே கல்லு மாதிரி கட்டுதே."

"மல்லிப்பூ வச்சிக் கட்டினா வத்திடும்."

தெரிந்த வைத்தியம்தான் அது. பிள்ளை செத்துப்போன தாய்க்குச் செய்வார்கள். அது இரண்டு பேருக்கும் நினைவுக்கு வந்தது, இரண்டு பேரும் சொல்லவில்லை. நாகவல்லி தோட்டத்துக்குப் போய் மடி நிறையப் பூப் பறித்து வந்தாள். தானே வடிவின் மார்பில் பூவைப் பரப்பி, பழம்புடவைக் கிழிசலால் சுற்றி இறுக்கிக் கட்டினாள். முடிச்சுப் போடும்போது வடிவு அழுதுகொண்டிருந்தாள். நாகவல்லி அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். அந்தத் துடைப்பில் பொய் இல்லை. முடிச்சைத் தளர்த்தவும் இல்லை.

எருமைப் பாலை வசந்தா வாயில் வாங்கித் துப்பியது. பசியில் கத்தியது. முன்னே அது இப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. நாகவல்லி தன் அறையில் படுத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டாள். வேம்புலி அவள் பக்கத்தில் முனகிக்கொண்டிருந்தான். சாயங்காலம் குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்திருந்தான். வயிறு பறைமாதிரி விண்ணென்று இருந்தது. வெயில் சூடு, சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டாள்.

விடிந்ததும் கோதண்டம் வேலைக்குப் போகவில்லை. "ஆஸ்பத்திரிக்கி இட்டுகினு போ" என்று பெண்சாதியிடம் சொன்னான். பிறகு அண்ணியிடம் வந்து தயங்கி நின்றான். "அண்ணி, நீங்களும் கூட போங்க. அது ஒண்ணும் தெரியாத பொண்ணு. மொக்க நானும் அண்ணனும் பாத்துக்கிறோம்."

நாகவல்லி வேம்புலியையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். ஏன் எடுத்துப் போகிறாய் என்று லோகநாதன் கேட்டதற்கு, "வுட்டுட்டுப் போனா அயுவான்" என்றாள்.

உஸ்மான் கனி அன்றைக்குப் பூக்கூடைக்குப் பதிலாகப் பெண்களை ஏற்றினான். "இன்னா தங்கச்சி, ரெண்டுக்குமா ஒடம்பு சரியில்ல?" என்று கேட்டான்.

"ரெண்டுக்கும் இல்ல பாய். வடிவு கொயந்தைக்கிதான்" என்றாள் நாகவல்லி.

பூந்தமல்லி ஆஸ்பத்திரியில் அன்றைக்கு ஒரு டாக்டரம்மா இருந்தாள். நடு வயசு, கண்ணாடி, பேச்சில் அவசரம் கிடையாது. வசந்தாவை மேசைமேல் போட்டு வயிற்றை விரல்களால் அழுத்திப் பார்த்தாள். பசியில் அழுத குழந்தை டாக்டரம்மாவின் கழுத்துக் குழாயைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்தது.

"பால் நல்லா குடிக்கிறாளா?"

"நேத்து வரிக்கும் நல்லா குடிச்சிதுங்க."

"வாந்தி எடுத்தாளா?"

"இல்லிங்க."

நாகவல்லி மடியில் இருந்தவனின் துணியைச் சரிசெய்தாள்.

"கடைசியா போனப்ப எப்படி இருந்தது? கெட்டியா, புழுக்கை மாதிரியா? ரத்தம் கித்தம் வந்ததா?"

"இல்லிங்க. கூழு மாதிரி, மஞ்சளா."

"வயிறு உப்பி, கல்லு மாதிரி இருந்ததா? நாளெல்லாம் அழுது முக்கினாளா?"

"இல்லவே இல்லிங்க. சிரிச்சிகினு இருந்தா."

ஒவ்வொரு கேள்விக்கும் வடிவு இல்லை என்றாள். அதே கேள்விகளுக்கு நாகவல்லியின் உள்ளே ஆமாம், ஆமாம் என்று பதில் வந்துகொண்டிருந்தது. அறையில் அந்தப் பதில் கேட்டுவிடுமோ என்று அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

டாக்டரம்மா குழந்தையை எடுத்து வடிவிடம் கொடுத்தாள். "உன் பொண்ணுக்கு ஒண்ணும் இல்லம்மா. பொறந்த முதல் மாசத்துல இப்படி நின்னுபோனா, பால் போதலியோன்னு நான் கவலைப்பட்டிருப்பேன். இவளுக்கு மூணு மாசம் ஆச்சு. தாய்ப்பால் மட்டும் குடிக்கிற புள்ளைங்க இந்த வயசுல நாலு நாள், ஏழு நாள், அதுக்கு மேலயும் சில சமயம் போகாம இருக்கும். குடிக்கிறதெல்லாம் உடம்புல ஒட்டிக்குது. வெளிய தள்ள மிச்சம் இல்ல. பால் குடிச்சு, மூத்திரம் போய், எடை ஏறி, வயிறு மெத்துனு இருந்தா நீ நாளை எண்ணிக்கிட்டு உட்கார வேண்டாம். வாந்தி, உப்பின வயிறு, ரத்தம், பால் மறுக்கிறது, இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னிக்கே தூக்கிட்டு வந்துடணும். அது வேற." பிறகு மூக்கைச் சுளித்தாள். "அது என்ன, இந்த அறையில இவ்வளவு மல்லிப்பூ வாசனை?"

வடிவு தலையைக் குனிந்துகொண்டாள். "பால் கெட்டுப்போச்சின்னு... வத்தறதுக்கு கட்டிகினு கீறேங்க."

"யார் சொன்னா கெட்டுப்போச்சுன்னு?"

வடிவின் கண் தானாக நாகவல்லி பக்கம் போய்த் திரும்பிற்று. டாக்டரம்மாவும் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நாகவல்லிக்கு ஏதாவது பேசி மல்லுக்கட்ட வழி கிடைத்திருக்கும்.

"அவுத்துப் போடு" என்றாள் டாக்டரம்மா. "இங்கேயே. புள்ளைக்கு இப்பவே குடு."

கட்டு அவிழ்ந்தது. நசுங்கிப் பழுப்பேறிய பூ கொத்துக் கொத்தாகத் தரையில் விழுந்தது. வசந்தா ஓடிவந்த கன்றுக்குட்டிபோல முட்டிக் குடித்தது. டாக்டரம்மா கை கழுவப் போனாள். நாகவல்லி எழுந்து முதலில் வெளியே வந்துவிட்டாள்.

ஜட்கா புறப்பட்டது. வடிவு நாகவல்லியைப் பார்க்காமல் வெளிப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். வசந்தா வயிறு நிறைந்து தூங்கிவிட்டது. அந்த நிம்மதியைப் பார்க்க நாகவல்லிக்குச் சகிக்கவில்லை. இவளுக்கு எல்லாமே இப்படித்தான், பயப்பட்டால் அந்தப் பயம்கூடப் பொய்யாகிவிடுகிறது என்று நினைத்தாள். வேம்புலியையும் காட்டுகிறேன் என்று இப்போது வாயைத் திறந்தால் இவள் முன்னால் எல்லாம் கொட்டிவிடும். எருமைப் பால், எருக்குழி, தங்கமாகப் போகிறான் என்றது, எல்லாம். ஊருக்குப் போய், நாளைக்குத் தனியாக வரலாம்.

வண்டி ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கியது. வேம்புலி அழவில்லை. வாயோரம் பால் வழிந்தது. அவ்வளவு குலுங்கியும் அவன் அழாததைக் கண்டதும் நாகவல்லி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பாய், நிறுத்து."

"இன்னா தங்கச்சி?"

"வண்டிய திருப்பு."

"எதையாச்சும் வுட்டுட்டு வந்தியா?"

வண்டி திரும்ப நேரமாகும் என்று தோன்றியதும் நாகவல்லி இறங்கி, பிள்ளையை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு, புழுதியில் ஓடினாள்.

டாக்டரம்மா அவளைக் கண்டதும் மேசையைக் காட்டினாள். துணியை விலக்கி வயிற்றைப் பார்த்ததும் முகம் மாறியது.

"எத்தனை நாளா?"

நாகவல்லி எல்லாவற்றையும் சொன்னாள். பின்னாலேயே வந்த வடிவு வாசலில் நிற்பது தெரிந்தும் சொன்னாள். எருமைப் பாலைச் சுண்டக் காய்ச்சியது, கேழ்வரகு, ரத்தம், மண்ணைப் போட்டு மூடியது. சொல்லச் சொல்ல அவளுக்கு அழுகை வரவில்லை, மூச்சுதான் வாங்கியது.

"ஏம்மா இவ்வளவு கெட்டியா குடுத்த?"

"சத புடிக்கட்டும்னுங்க."

டாக்டரம்மா ரப்பர்க் குழாயால் மருந்து ஏற்றினாள். பிள்ளை வீறிட்டான். கல்கல்லாக வந்தது. அப்புறம் வயிற்றைத் தடவி, ஆறிய வெந்நீரைக் கரண்டி கரண்டியாகப் புகட்டி, உச்சி வெயில் சாயும்வரை அங்கேயே வைத்துப் பார்த்தாள். மெல்ல வயிறு இளகியது. பிள்ளை கண்ணைத் திறந்து உதட்டைச் சப்பினான்.

"பொழைச்சான். இன்னும் ரெண்டு நாள் நீ மூடி வச்சிருந்தா என்ன ஆகியிருக்குமோ. கேழ்வரகு இப்ப வேண்டவே வேண்டாம். எருமைப் பாலும் கொஞ்ச நாள் நிறுத்து. உனக்கு வர்ற பாலை முதல்ல குடு, குடிக்கக் குடிக்கத்தான் ஊறும். மிச்சத்துக்கு..." டாக்டரம்மா வாசலைப் பார்த்தாள். "வீட்டுலதான் இன்னொரு தாய் இருக்காளே."

திரும்பும்போது உஸ்மான் கனி குதிரையை நடத்தித்தான் ஓட்டினான். வேம்புலி நாகவல்லியிடம் குடித்துப் பார்த்து, அது தீர்ந்ததும் தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்டித் தேடினான்.

"வடிவு" என்றாள் நாகவல்லி, ரோட்டைப் பார்த்துக்கொண்டு. "இவனுக்கு ஒரு வாய் குடுக்கிறியா?"

வடிவு மகள் நெற்றி வியர்வையைத் துடைத்தாள்.

"எம்பாலு கெட்ட பாலாச்சேக்கா."

நாகவல்லிக்குக் காது மடல் எரிந்தது. "நான்தான்டி பொய் சொன்னேன்" என்றாள். "ஒன் கொயந்த குண்டா கீதேன்னு."

"தெரியும்" என்றாள் வடிவு. "கட்டு கட்டறப்பவே ஒங்க மூஞ்சி நல்லா இல்ல. பயத்துல ஒங்கள நம்பிட்டேன்." பிறகு தூங்குகிற மகளை நாகவல்லி மடியில் கிடத்திவிட்டுக் கையை நீட்டினாள். "குடுங்க. அவன் இன்னா பண்ணான் பாவம்."

வேம்புலி முதலில் திணறினான். அப்புறம் பிடித்துக்கொண்டான். கடைவாயில் பால் நுரைக்க, மடக் மடக்கென்று சத்தம் கேட்கக் குடித்தான். சின்னக் கை மேலே வந்து வடிவின் தாலிக்கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. எட்டு வருஷம் கோயிலைச் சுற்றியவள் எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்தாள். பிள்ளை பிழைத்தான் என்று நெஞ்சு நிறைந்தது. அதே நெஞ்சில் ஒரு முள்ளும் நின்றது. என்னிடம் ஒரு நாளாவது இப்படி முகம் மலர்ந்து குடித்தானா? அவள் மடியில் வசந்தா கனத்தது. அதன் தொடை மடிப்பை அவள் விரல் தன்னையறியாமல் தடவிக்கொண்டிருந்தது.

மறுநாள் வசந்தா தானாகவே வெளிக்குப் போயிற்று. ஏணைத் துணி, கீழே போட்டிருந்த சாக்கு எல்லாவற்றையும் நனைத்துவிட்டுச் சிரித்தது. கோதண்டம் அதைப் பார்க்க அண்ணனைக்கூடக் கூப்பிட்டான்.

வேம்புலி விஷயத்தில் நாகவல்லிக்குத்தான் பொறுமை இல்லை. தன் பாலைக் கொடுத்தபின் வடிவிடம் கொடுப்பாள். கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடவும் மாட்டாள். எதிரே உட்கார்ந்து பூத் தொடுக்கிறமாதிரி பார்த்துக்கொண்டேயிருப்பாள். "போதும் குடு" என்று இரண்டு நிமிஷம் முந்தி வாங்கிவிடுவாள். வடிவு சிரித்துக்கொண்டு விட்டுக்கொடுப்பாள். சில நாள் சிரிக்காமலும் கொடுப்பாள். கட்டிவைத்த பூவை அவள் மறந்துவிடவில்லை. புங்கமரத்தில் இரண்டு ஏணைகளுக்கும் நடுவே இப்போது ஒரு கிளை இடைவெளி விட்டிருந்தாள்.

நாலைந்து நாளாக வேம்புலி வெளிக்குப் போகவில்லை. நல்லாத்தான் கீறான் என்று லோகநாதன் சொன்னால் நாகவல்லி கேட்கமாட்டாள். வயிற்றைத் தொட்டுப் பார்ப்பாள். மெத்தென்று இருந்தது. பால் குடித்தான், மூத்திரம் போனான், வாந்தி இல்லை. டாக்டரம்மா கேட்ட கேள்விகளைத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, இல்லை, இல்லை என்று சொல்லிக்கொள்வாள்.

அன்று மொக்குப் பறிப்பு முடிந்து வெயில் ஏறியிருந்தது. கூழைக் கரைத்து வைத்துவிட்டு மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள் நாகவல்லி. வடிவு மரத்தடியில் வேம்புலியை மடியில் போட்டுக் குடிக்கவைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இங்க வாங்க."

அந்தக் குரலில் சிரிப்பு இருந்தது. நாகவல்லி அரிவாள்மணையைத் தள்ளிவிட்டு ஓடினாள். வடிவின் புடவையில், மடியிலிருந்து முழங்கால்வரை, மஞ்சளாக, கூழாக வழிந்துகொண்டிருந்தது. வேம்புலி காலை உதைத்துக்கொண்டு, ஆயுசில் முதல் தடவையாக நிம்மதியான முகத்தோடு கிடந்தான்.

"முக்கலக்கா, அயுவல. அதுபாட்டுக்கு வந்துச்சி" என்றாள் வடிவு.

நாகவல்லி மண்டியிட்டு உட்கார்ந்து அதையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. அப்புறம்தான் அவள் பார்வை மேலே போய், அது யார் மடி என்பதில் நின்றது.

வடிவு பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டு எழுந்து, வேறு புடவையைச் சுற்றிக்கொண்டு, அழுக்கானதைச் சுருட்டியபடி வாய்க்காலுக்கு நடந்தாள். நாலு எட்டு வைப்பதற்குள் நாகவல்லி பின்னால் வந்துவிட்டாள். ஒரு கையில் பிள்ளை. இன்னொரு கை புடவையின் முனையைப் பிடித்திருந்தது.

"குடு, நான் தொவைக்கிறேன்."

"எதுக்குக்கா? எம்பொடவதான?"

"பொடவ ஒன்னுதுதான்" என்றாள் நாகவல்லி. "அது எம்புள்ளதுடி. குடு."

வடிவு அவள் முகத்தைப் பார்த்தாள். புடவையை விட்டாள்.